முதுகில்லாத கோட்டு

1

எங்கள் வீட்டு ஹால் சுவரில் மொத்தம் இரண்டு ஆணிகள். ஒன்றில் என் மனைவி மாலதி இருக்கிறாள். இன்னொன்று மூன்று வருடமாகக் காலியாக இருந்தது. "அது எனக்கு ரிசர்வ் பண்ணியிருக்கேன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரித்ததில்லை. நல்ல நகைச்சுவைக்கு நியூ ஜெர்சியில் மதிப்பில்லை.

இரண்டே ஆணி இருப்பதற்கு ஆன்மிகக் காரணம் ஒன்றுமில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது, அமெரிக்க வீட்டின் சுவர் என்பது ஏறக்குறைய அட்டை. உள்ளே மரச்சட்டம் ஓடுகிற இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அடித்தால்தான் ஆணி நிற்கும். அந்த இரண்டு ஆணிகளுக்காக நான் போட்ட ஓட்டைகள் பதினொன்று. மற்ற ஒன்பதையும் டேப் போட்டு ஒட்டிய காலண்டரும் கடிகாரமும் மறைத்துக்கொண்டிருக்கின்றன.

போன மாதம் மாலதியின் மூன்றாம் ஆண்டுப் படையல். சனிக்கிழமை. பக்கத்துத் தெரு சரோஜா அக்கா காலையிலேயே வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டார். கரூர்க்காரர், மாலதியோடு பதினைந்து வருடம் வாக்கிங் போனவர். நான் சமைத்துப் படைத்தால் மாலதி இன்னொரு முறை போய்விடுவாள் என்பது அவருடைய கருத்து.

பதினொரு மணிக்குத் தபால்காரி வந்து போனாள். பெட்டியில் ஒரு கெட்டி உறை. உள்ளே என் மகன் கார்த்திக்கின் படம். உள்ளங்கை அகலம். ராணுவப் பயிற்சி முகாமில் எடுத்தது. கறுப்புக் கோட்டு, டை, பின்னால் கொடி, மொட்டைத் தலைமேல் தொப்பி, சிரிக்கத் தடை விதிக்கப்பட்ட முகம். மார்பில் சின்னதாக ஒரு பெயர்ப் பட்டை. அதில் என் பெயர்.

எனக்குச் சந்தோஷமா, பயமா என்று இன்னும் தெரியவில்லை. கை தானாக வேலை செய்தது. வீட்டில் கிடந்த ஒரு சட்டத்தில் படத்தைச் சொருகினேன். எங்கே மாட்டுவது என்று பார்த்தேன். காலியாக ஒரு ஆணி இருந்தது. மாட்டினேன்.

சரோஜா அக்கா வடைத் தட்டோடு ஹாலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இது என்ன?"

"கார்த்திக்குக்கா. இப்பத்தான் வந்துச்சு. ஹீரோ மாதிரி இல்ல?"

"உசுரோட இருக்கிற புள்ளய எங்க கொண்டாந்து மாட்டி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். மாலதியின் படத்தில் சந்தன மாலை. அதன் மேல் சின்னச் சிவப்பு பல்பு. கீழே தலைவாழை இலை, அவளுக்குப் பிடித்த சுரைக்காய்க் கூட்டு. அந்தப் பல்பின் வெளிச்சம் பாதி அவன் முகத்திலும் விழுந்திருந்தது.

"கழட்டுங்க முதல்ல" என்றார் அக்கா. "உங்களுக்குத்தான் எங்க விளையாடறதுன்னு ஒரு கணக்கே கிடையாதே."

நான் விளையாடவில்லை. அதுதான் விஷயம். ஒரு விளையாட்டும் இல்லாமல், நேராகப் போய் அதைச் செய்திருக்கிறேன். படத்தைக் கழற்றினேன். கழற்றிய பிறகு வைக்க இடம் தெரியவில்லை. கடைசியில் சமையலறை மேடைக்குக் கீழே, பேட்டரியும் ஸ்க்ரூ டிரைவரும் கிடக்கிற டிராயரில் வைத்து மூடினேன்.

2

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய சாப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். போன வருடம் கம்பெனி என்னிடமே ஒரு குறையைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பியது, வயது. வீட்டில் குறை கண்டுபிடிக்கக் கார்த்திக் ஒருவன்தான் மீதி. இரண்டு வாரம் தாங்கினான். மூன்றாவது வாரம் அவனே இணையத்தில் தேடி என்னை ஒரு மியூசியத்தில் வாலண்டியராகச் சேர்த்துவிட்டான்.

நாங்கள் இருக்கும் எடிசன் ஊரிலிருந்து நாற்பது நிமிட டிரைவ். இந்த நாட்டின் சுதந்திரப் போரில் படை குளிர்காலத்தைக் கழித்த ஊர்களில் ஒன்று. பழைய மர வீடு, மாடியில் ஒரு அறை, அறையில் தட்டையான டிராயர்கள் கொண்ட ஒரு அலமாரி. பொறுப்பாளர் மார்கரெட்டுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் மேல் டிராயரை இழுத்தார். உள்ளே வெல்வெட்டின்மேல் வரிசையாகக் குட்டிக் குட்டி முகங்கள். ஒவ்வொன்றும் நம் ஊர்த் தட்டை அளவு.

அந்தக் காலப் படை அதிகாரிகள். தந்தத்தை மெல்லிய வில்லையாகச் சீவி, அதன்மேல் ஒற்றை மயிர்த் தூரிகையால் நீர்வண்ணத்தில் வரைந்து, கண்ணாடி போட்டு உலோகக் கூட்டுக்குள் அடைத்தவை. போருக்குக் கிளம்புவதற்கு முன் வரைந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். மனைவியோ அம்மாவோ அதைக் கழுத்தில் சங்கிலியில் போட்டுக்கொள்வார்களாம், ஆடைக்கு உள்ளே.

வெளிச்சம் பட்டால் இந்த வண்ணம் வெளுத்துவிடும். அதனால் ஒரு டிராயரை ஐந்து நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது. மார்கரெட் முட்டை வேகவைக்கிற டைமர் ஒன்றைத் திருகி வைப்பார். அது மணி அடிப்பதற்குள் நான் நீளம், அகலம், விரிசல், பூஞ்சை எல்லாம் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். முன்பக்கம் எல்லாம் முடிந்த பிறகு பின்பக்கம். மறுபடியும் குறை கண்டுபிடிக்கும் வேலை. சம்பளம் மட்டும் இல்லை.

ஒரு வாரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மார்கரெட், இவங்க எல்லாரும் ஒரே அம்மாவுக்குப் பிறந்தவங்களா?" என்று கேட்டேன். எல்லாருக்கும் ரோஸ் கன்னம், ஒரே மூக்கு, ஒரே கோட்டு.

அவர் சிரித்தார். வரைகிறவர்கள் ஊர் ஊராகப் போவார்களாம். அதிகாரிக்கு உட்கார நேரம் இருக்காது, நாளைக் காலை கிளம்ப வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து வரைந்துகொள்வார்கள். கோட்டைப் பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்வதும் உண்டாம். கோட்டு எல்லாருக்கும் ஒன்றுதானே.

எனக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டுடியோ ஞாபகம் வந்தது. அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். ஸ்டுடியோவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு கோட்டு. ஊரில் அந்த வருடம் கல்யாணமான மாப்பிள்ளைகள், வெளிநாடு போனவர்கள் எல்லாரும் அதற்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்தான். அன்று என் எடை நாற்பத்தேழு கிலோ. போட்டோகிராபர் கோட்டை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்து, துணி காயப்போடும் கிளிப் நான்கை மாட்டினார். "மூச்சு விடாதீங்க தம்பி, கிளிப்பு தெறிச்சிரும்." முன்பக்கம் பார்த்தால் பெரிய ஆபீசர். இடுப்புக்குக் கீழே கைலி.

இதை நான் நடித்துக் காட்டியபோது மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் நிறுத்தத் தெரியாதே, மீதியையும் சொன்னேன். அந்தப் படத்தை அம்மா தன் பர்சில் வைத்திருந்தாள். அவள் இறந்தபோது என் கிரீன் கார்டு பேப்பர் நடுவழியில் இருந்தது. வெளியே போனால் திரும்ப முடியாது என்றார் வக்கீல். போகவில்லை. பிறகு தம்பி பர்சைப் பார்சலில் அனுப்பினான். படத்தில் கோட்டு அப்படியே புதுசாக இருந்தது. முகம் இருந்த இடம் தேய்ந்து வெளுத்திருந்தது. கட்டைவிரல் அளவுக்கு.

டைமர் அடித்தது. டிராயரை மூடினோம்.

அந்த டிராயரில் முப்பத்தொன்றாம் எண் ஒரு பையன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. இடது தோளில் மட்டும் ஒரு குஞ்சம், அதனால் லெப்டினன்ட் என்றார் மார்கரெட். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கலாம். மற்றவர்களைவிடப் பளிச்சென்று இருப்பான். அப்போது அவனைத் "தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு கவலை இல்லாத காலம் அது.

3

கார்த்திக் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஐ சைன்ட் அப்."

"எதுக்குடா, ஜிம்முக்கா?"

"ஆர்மி."

காலேஜ் முடித்து ஒரு வருடமாக நல்ல ஐடி வேலையில் இருந்தவன். முதலில் சிப்பாய்களோடு பத்து வாரப் பயிற்சி, பிறகு ஆபீசர் பயிற்சி, முடித்தால் லெப்டினன்ட் என்று ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினான். என் தோசை கருகியது. எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் வாயில் ஜோக்காகத்தான் வரும்.

"பாத்ரூம்ல எட்டுக்கால் பூச்சி வந்தா என்னைக் கூப்பிடுற ஆளு. நீ யாரைடா சுடப்போற?"

அவன் சிரிக்கவில்லை. எனக்காகத் தமிழில் சொல்ல முயன்றான். சின்ன வயதிலிருந்து தமிழ் புரியும், வாயில் வராது. "ஸ்கூல்ல, காலேஜ்ல, ஆபீஸ்ல, எவ்ரிபடி கேக்கறாங்க. வேர் ஆர் யூ ஃப்ரம். இனிமே கேக்க மாட்டாங்க, அப்பா."

"கேப்பாங்கடா. இன்னும் சத்தமா கேப்பாங்க."

கிளம்புகிற வரைக்கும் நான்கு வாரம் நாங்கள் பேசியது பெரும்பாலும் பேப்பர்களைப் பற்றி. அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசிப் பெயர் வேறாக இருப்பது ஏன் என்று ஒரு படிவம் கேட்டது. நம் வழக்கத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: ஐயா, எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயரே மகனுக்குப் பின்பெயர். என் பின்பெயர் என் அப்பாவுடையது. கார்த்திக்கின் பின்பெயர் கந்தசாமி, அதாவது நான்.

ராணுவத்தில் எல்லாரையும் பின்பெயரால்தான் கூப்பிடுவார்களாம். சட்டையிலும் அதுதான். ஆக, சேர்ந்தது அவன், திட்டு வாங்கப்போவது நான். இதைச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்தான்.

கிளம்புகிற அன்று காலை. கராஜில் பிளாஸ்டிக் நாற்காலி போடும் சத்தம் கேட்டுப் போனேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் டிரிம்மர்.

"அங்க போனா எப்படியும் எடுத்துடுவாங்க. நீங்க பண்ணுங்க, அப்பா." கொஞ்சம் தயங்கினான். "அம்மாவோட பழனி திங். டஸ் இட் கவுண்ட்?"

இதற்கு நீங்கள் கதை தெரிந்துகொள்ள வேண்டும். கார்த்திக் ஏழாம் மாதமே பிறந்தவன். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். பிழைத்தால் முதல் முடி பழனியில் என்று மாலதி வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். விசா முத்திரைச் சிக்கலில் அந்த வருடம் போக முடியவில்லை. அடுத்த வருடம் கிரீன் கார்டு வரிசை. அதற்கடுத்த வருடம் என் வேலை மாறி வரிசை மறுபடி முதலிலிருந்து. முடி கண்ணை மறைத்தது. கடைசியில் அவனுடைய முதல் முடி ஒரு ஷாப்பிங் மாலில், ரேசிங் கார் வடிவ நாற்காலியில் வைத்து எடுக்கப்பட்டது. மாலதி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட, "பழனிக் கடன் நிக்குதுங்க" என்றாள். அவனும் அந்த அறையில்தான் இருந்தான். புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நான் சொன்னது: "மொட்டைக்குச் சந்தனம் இல்லையேடா, சன்ஸ்கிரீன் தடவிக்கலாமா?"

"ஓகே" என்றான். டிரிம்மரை ஆன் செய்தேன். அதன் சத்தம் எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

இருபத்து மூன்று வருடம் அந்த முடிக்குக் கீழே இருந்த தலையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது. யாருக்குத் தெரியும்? கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தபோது இதே தலை, ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

முடித்ததும் அவனே தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வாசலில் கார் வந்து ஹார்ன் அடித்தது. கட்டிப்பிடித்தான். "எட்டுக்கால் பூச்சி வந்தா போன் பண்ணு" என்றேன். போய்விட்டான்.

வெட்டிய முடி வீட்டில் தங்கக் கூடாது என்பது மாலதியின் சட்டம். பெருக்கிப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை லாரி வந்து எடுத்துப் போனது. சட்டப்படி நடந்ததில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

4

படையல் முடிந்த அடுத்த புதன்கிழமை மியூசியத்தில் பின்பக்க வேலை ஆரம்பம். மார்கரெட் கையுறை போட்டுக்கொண்டு முப்பத்தொன்றாம் எண்ணைத் திருப்பினார்.

பின்புறத்திலும் கண்ணாடி. அதற்குள் பழுப்பு நிறத்தில் பாய் பின்னியதுபோல ஏதோ ஒன்று. பட்டு நூல் என்று நினைத்துக் குனிந்தேன்.

"அது அவருடைய தலைமுடி" என்றார்.

நான் ஓரடி பின்னால் போனது நிஜம். சோற்றில் ஒரு முடி கிடந்தால் இலையையே மாற்றுகிற வம்சம். "இதை யாராவது கழுத்துல போட்டுப்பாங்களா?"

"போறதுக்கு முன்னாடி வெட்டிக் கொடுத்துட்டுப் போவாங்க. சிலதுல அம்மா முடியும் பையன் முடியும் சேர்த்துப் பின்னியிருக்கும். ஆள் வராட்டாலும் முடி கெடாது, பாருங்க." இருநூறு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கும். பழுப்பு நிறம் மங்கவில்லை. இன்று காலை சீவியதுபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை லாரி கண்முன்னால் போனது.

"மார்கரெட், இந்தப் பையன் திரும்பி வந்தானா?"

"தெரியாது. எந்தப் பேப்பரும் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "வந்திருப்பான்னு நான் நினைச்சுக்கறேன். இது ஆராய்ச்சி இல்லை, என் ஆசை. எவ்வளவு பளிச்சுன்னு இருக்கான் பாருங்க. ரொம்ப வெளுத்துப் போனதெல்லாம் யாரோ தினமும் வெளியே எடுத்து எடுத்துப் பார்த்தது. இவனை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கல. ஆளே வீட்டுல இருந்திருப்பான்."

டைமர் அடித்தது. டிராயரை மூட நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்து, டைமரை மறுபடி திருகி வைத்தார். ஒரு வருடத்தில் அவர் விதியை மீறியது அந்த ஒரு முறைதான். என் மகன் எங்கே போயிருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பி வருகிற வழியில் ஹைவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்பது வாரத்துக்கு முன்னால் போன லாரி. இருந்தாலும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு போனவர் கை ஆட்டினார். தலையை வெளியே எடுத்து நானும் ஆட்டினேன்.

பிறகு சமையலறை டிராயரைத் திறந்தேன். படத்துக்குப் பக்கத்தில் டிரிம்மர் கிடந்தது. அன்று அவசரத்தில் கழுவாமல் போட்டது. அதன் பற்களுக்கு நடுவே அரை அங்குலத்துக்குக் கறுப்பாக ஐந்தாறு முடிகள். குறை கண்டுபிடிக்கும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ஊதிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அன்று ஸ்டுடியோவில் கிளிப் தெறிக்காமல் நின்ற அதே மாதிரி.

5

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், சில நிமிடங்கள்தான் போன். பின்னால் ஒரே இரைச்சல்.

"அப்பா, பிக்சர் வந்துச்சா?"

"வந்துச்சுடா. அம்மா படையல் அன்னைக்கு."

"அந்தக் கோட்டு இருக்குல்ல, அது ஃபேக். பின்னாடி ஒண்ணுமே இல்ல. ஜஸ்ட் ஃப்ரண்ட். முதுகுல ஒட்டுற பட்டை. எல்லாருக்கும் ஒரே கோட்டு, லைன்ல நின்னு ஒருத்தன் கழட்டினா அடுத்தவன் போடணும். கீழ என்ன போட்டிருந்தேன்னு கேக்காதீங்க." அவன் சிரித்தான். நான்கு வாரம் வீட்டில் கேட்காத சிரிப்பு.

"எனக்கும் அதே கோட்டுதான்டா" என்றேன். அவனுக்குப் புரிந்திருக்காது. வந்தால் சொல்ல வேண்டும்.

"பிக்சரை மாட்டினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

சரோஜா அக்கா கழற்றச் சொன்னதைச் சொல்ல முடியுமா? "வெளிச்சம் பட்டா மங்கிடும்டா. டிராயர்ல வச்சிருக்கேன்."

"இட்ஸ் எ போட்டோ, அப்பா."

ஜோக் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். அந்தப் பக்கம் யாரோ என் பெயரைக் கத்தினார்கள். "கேண்டசாமி." நான் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"டைம் ஆயிடுச்சு. போகணும்."

"கார்த்தி, இரு. அன்னைக்குக் கராஜ்ல கேட்டியே. கவுண்ட் ஆகும்டா. பழனில பண்ணின மாதிரியேதான். முழுசா கவுண்ட் ஆகும்."

அவன் தமிழில், ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லாமல் சொன்னான்.

"அம்மாகிட்ட சொல்லிடுங்க."

போன் நின்றது. ஹாலுக்குப் போய்ச் சொன்னேன். பல்பு ஆன் செய்யவில்லை, பகல் வெளிச்சமே போதுமாக இருந்தது. அவள் என்றைக்கும்போல என்னை நம்பாத முகத்தோடு பார்த்தாள்.

படத்தை இந்த வாரம் டிராயரிலிருந்து ஒரு முறையும் எடுக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. மார்கரெட்டின் ஆசை பலிக்க வேண்டுமே. எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம், டைமர் வைத்து.

அடுத்த தடவை நீங்கள் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால் ஹாலில் அந்த ஆணி காலியாகத்தான் இருக்கும். ரிசர்வ் பண்ணியிருக்கிறேன் என்று பழையபடி சொல்வேன். இந்த முறை ஜோக் இல்லை. மாலதிக்கு அடுத்தது நான். அந்த வரிசையை யாரும் மாற்றக் கூடாது.